கடுக்காய் ஏந்திய கை

தேவ்நார், மும்பை
கார்த்திகை 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முட்டுவலி எப்படி இருக்கிறது, அத்தானுக்குச் சுகர் குறைந்ததா என்று எழுது. நாங்கள் தரம்சாலாவிலிருந்து திரும்பி வந்து பத்து நாளாகிவிட்டது. போனில் நீ கேட்டபோதெல்லாம் "எழுதுறேன், எழுதுறேன்" என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். நீ வாங்கி வரச் சொன்ன திபெத்து மாத்திரையை நான் வாங்கவில்லை. போனில் சொன்னால் நீ "சரி, விடு" என்று வைத்துவிடுவாய். அப்புறம் அந்த வருத்தம் உனக்குள்ளேயே கிடக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நீ சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்ட சீட்டு கடைசி வரை என் பர்சில்தான் இருந்தது. மூட்டு வலிக்கு மாத்திரை மூன்று டப்பா. தலைக்கு எண்ணெய் காய்ச்சச் சடாமாஞ்சில். கோஷ்டம் கால் கிலோ. பூஜைக்கு ஊதுபத்தி. தட்டினால் பாடுமாமே, அந்த வெண்கலக் கிண்ணம் ஒன்று. வீட்டுக்கு அழகாக அந்த ஊர்க் கைவேலை ஏதாவது. இத்தனைக்கும் சேர்த்து நீ அனுப்பிய பணம் அப்படியே தனிக் கவரில் இருக்கிறது. கணக்கு கடைசியில் சொல்கிறேன்.

தீபாவளி லீவு விட்டதும் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இரண்டு பேரோடு பாந்திராவில் கட்ரா போகிற சுவராஜ் எக்ஸ்பிரஸ் ஏறினோம். மறுநாள் பதான்கோட் கண்டோன்மென்டில் இறங்கி, அங்கிருந்து பஸ். காங்ரா பள்ளத்தாக்கில் தேயிலைத் தோட்டத்துக்குப் பின்னால் தௌலதார் மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கிறதைப் பார்த்ததும் எனக்கு மாஞ்சோலைதான் ஞாபகம் வந்தது. ஆனால் இந்த மலையின் உச்சியில் பனி.

மேக்லியோட்கஞ்ச் சின்ன ஊர். தலாய் லாமாவின் கோயிலுக்குப் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் கடைதான். பவளம், பச்சைநீலக் கல், கம்பளித் தொப்பி, மந்திரம் அச்சிட்ட கொடிகள், கிண்ணங்கள். முதல் நாள் நான் உன் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். தள்ளுவண்டியில் ஒருவர் காய்ந்த வேரைக் குவித்து வைத்து, திபெத்து மூலிகை, எல்லா வலிக்கும் கேட்கும் என்றார். கோஷ்டம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார். முகர்ந்து பார்த்தேன். ஆச்சி தைலம் காய்ச்சுகிற அன்றைக்குத் தெருமுனை வரைக்கும் வருமே, அந்த வாசம் அதில் இல்லை. பேரை மறுபடி கேட்டதற்கு வேறொரு பேர் சொன்னார். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி லாட்ஜில் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் சந்தைக்கு வந்திருக்கிறேனே தவிர மருந்துக்கு வரவில்லை என்று பட்டது. மறுநாள் காலையில் பஜாரை விட்டுக் கீழே இறங்கி, கங்சென் கிஷோங் என்ற இடத்துக்குப் போனோம். அங்கேதான் மென்-சீ-காங் இருக்கிறது. மருத்துவமும் சோதிடமும் கற்பிக்கிற வீடு என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். 13ஆவது தலாய் லாமா 1916இல் லாசாவில் தொடங்கியது. 1959இல் இப்போதைய தலாய் லாமா எல்லையைத் தாண்டி இந்தியாவுக்கு வந்தார் அல்லவா, இரண்டு வருஷத்தில், 1961இல், தரம்சாலாவில் அதைத் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். வீடில்லை, நிலமில்லை, பல பேர் மலையில் ரோடு போடுகிற கூலி வேலையில் இருந்த காலம். அந்த நேரத்திலும் மருந்துப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள் பார். சோவா ரிக்பா என்பது அந்த மருத்துவத்தின் பெயர். நம் சித்த மருத்துவத்தையும் ஆயுர்வேதத்தையும் போல அதையும் 2010இல் இந்திய அரசு சட்டப்படி ஏற்றுக்கொண்டது.

அவர்களுடைய மூல நூல் க்யூஷி, அதாவது நான்கு தந்திரம். 156 அத்தியாயம். படிக்க வருகிற பிள்ளைகள் பெரும்பகுதியை மனப்பாடம் பண்ணுகிறார்கள். அதைச் சொல்லிக் கொடுக்க 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் லாசாவில் 79 படங்கள் வரைந்திருக்கிறார்கள். மருத்துவம் முழுவதையும் மரமாகவே காட்டுகிற படமும் உண்டு. வேர் 3, அடிமரம் 9, கிளை 47, இலை 224. இலைகளில் நீலம் என்றால் வாதம், மஞ்சள் என்றால் பித்தம், வெள்ளை என்றால் கபம். அவர்கள் லூங், த்ரிபா, பெகென் என்கிறார்கள். மரத்தில் பூ இரண்டே இரண்டு, நோயில்லாமை, நீண்ட ஆயுள். அந்தப் பூ காய்த்த பழம் மூன்று. என்னென்ன என்று சொல்லு பார்ப்போம். அறம், பொருள், இன்பம். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் குறள் நடத்துகிறவள் நான். அந்தப் படத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கூட வந்தவர்கள் இழுத்துக்கொண்டு போகவேண்டியதாயிற்று.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உனக்கு நேரில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன், முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

மருந்துப் புத்தர் என்று ஒரு வடிவம் வைத்துக் கும்பிடுகிறார்கள். உடம்பு முழுக்க நீலம். இடது கையில் பாத்திரம். வலது கையை முழங்காலுக்கு மேல் நீட்டி ஒரு செடிக்கொப்பைப் பிடித்திருக்கிறார், இலையும் காயுமாக. அது என்ன மூலிகை என்று கேட்டேன். "அரூரா" என்றார்கள். மருந்துகளுக்கெல்லாம் ராஜாவாம். இமயத்தில் எங்கேயோ பனிக்கு நடுவில் விளைகிற அபூர்வம் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடிப் பெட்டியில் காயைக் காட்டினார்கள். அக்கா, அது கடுக்காய்!

நம்ம கடுக்காய்தான். வரிவரியாக, ஒரு பக்கம் கூராக, பழுப்பு மஞ்சளாக. அரூரா, பரூரா, க்யுரூரா என்று அவர்கள் மூன்றையும் சேர்த்துச் சொல்வது கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய். ஆச்சி ராத்திரி நமக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கச் சொல்லுவாளே, அதே திரிபலைச் சூரணம்.

எனக்கு அப்போது தாத்தாவின் கைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. தாராவியில் தோல் ஷாப்பில் தாத்தா பார்த்த வேலை உனக்கு என்னைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்ட தொட்டியில் தோலை ஊறவைத்துத் திருப்பித் திருப்பிப் போட்டு, விரலிடுக்கெல்லாம் பழுப்பேறி, இரும்பு பட்ட இடம் கறுத்து, எந்தச் சோப்புக்கும் போகாத கறை. பாந்திராவில் இருந்த ஆடுமாடு வெட்டும் கூடம் 1971இல் இந்தத் தேவ்நாருக்கு வந்தது. அந்தப் பிழைப்பைத் தொடர்ந்துதான் நம் வீடும் இந்தப் பக்கம் வந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் அந்தக் கையைப் பார்த்து ஒருத்தர் தள்ளி உட்கார்ந்தார் என்று அம்மா சொல்லி அழுதது எனக்கு மறக்கவே இல்லை. ஒரு ஜாதி புத்தர் கையில் கடுக்காயைக் கொடுத்துக் கும்பிடுகிறது. நம்ம தாத்தா ஆயுசு முழுவதும் அதைக் கையில் வைத்திருந்ததற்கு ஊரில் வேறு பேர். நான் அங்கே கும்பிட்டது யாரை என்று உனக்குப் புரியும்.

இன்னொன்றும் கேள். க்யூஷி நூல் ஒரு நகரத்தின் வர்ணனையோடு ஆரம்பிக்கிறது. மனசால் கட்டிய மருந்து நகரம், வரைபடத்தில் தேடக்கூடாது. நாலு திசையிலும் நாலு மலை. வடக்கே பனிமலை, குளிர்ச்சியான மருந்துகள். தெற்கே வெயில் மலை, மிளகு திப்பிலி போல உஷ்ணமானவை. கிழக்கே வாசனை மலை, அங்கே கடுக்காய்க் காடு. மேற்கு மலையின் பெயர் மலயம். வடமொழிக்காரர்கள் நம் பொதிகைப் பக்கத்து மலையைத்தான் மலயம் என்கிறார்கள். அங்கிருந்து வருகிற தென்றலுக்குத்தான் மலய மாருதம் என்று பெயர். அந்த மலயத்தில் "நல்ல ஆறு" என்று ஆறு மருந்து விளைகிறதாம். ஜாதிக்காய், கிராம்பு, குங்குமப்பூ, ஏலம், பெரிய ஏலம், மூங்கிலுப்பு. ஜாதிக்காயை அவர்களும் "ஜாதி" என்றே சொல்கிறார்கள். குங்குமப்பூ பொதிகையில் விளையாது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் மரம் அரிதான பீடபூமியில் உட்கார்ந்து எழுதினவர்கள், ஈர மலைக்காட்டை நினைத்து, அதற்கு நம் மலையின் பெயரை வைத்திருக்கிறார்கள். நீ அம்பாசமுத்திரத்தில் மாடிக்கு ஏறினால் தெரிகிற மலையின் பெயர், அக்கா.

சரி, சீட்டுக்கு வருகிறேன்.

கோஷ்டத்தை நான் வாங்காததற்குக் காரணம் அந்தத் தள்ளுவண்டி மட்டும் இல்லை. கோஷ்டம் இமயத்தில் உயரத்தில் விளைகிற செடியின் வேர். கடலாடு காதையில் மாதவி கூந்தல் நனைத்த நீரில் ஐந்து விரை ஊறியதாக இளங்கோவடிகள் சொல்கிறார். அந்த ஐந்தில் ஒன்று கோட்டம் என்று உரைகாரர்கள் எழுதுகிறார்கள். அந்தக் காலத்திலேயே மலையிலிருந்து பூம்புகார் வரைக்கும் வந்த சரக்கு. ரோமாபுரிக்கும் கப்பலில் போயிருக்கிறது. இத்தனை நூற்றாண்டு தோண்டியதில் காட்டில் இன்றைக்கு அழிகிற நிலைமை. 1985இல் பன்னாட்டு வாணிபத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தில் மிகக் கடுமையான முதல் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டார்கள். சடாமாஞ்சிலும் கடுகுரோகிணியும் 1997இல் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. லாஹுல் பள்ளத்தாக்கில் விவசாயிகள் கோஷ்டத்தை வயலில் பயிரிடுகிறார்கள். அப்படி வந்தது என்றால் வாங்கலாம், தப்பில்லை. ரோட்டில் குவித்து வைத்திருப்பது எங்கிருந்து பிடுங்கியது என்று யாருக்குத் தெரியும்?

நம் கடுக்காயை யோசித்துப் பார். காயை உலுக்கி எடுத்துக்கொண்டால் மரம் அடுத்த வருஷமும் காய்க்கும். சடாமாஞ்சிலும் கோஷ்டமும் வேர். பிடுங்கினால் செடி போயிற்று. 3,000 மீட்டருக்கு மேலே, வருஷத்தில் பாதி பனியில் புதைந்து கிடக்கிற செடி மறுபடி வேர் பருக்க எத்தனையோ வருஷம் ஆகும். நம் தலைமுடிக்கு எண்ணெய் காய்ச்ச அது வேண்டுமா என்று எனக்குக் கேள்வி வந்துவிட்டது. உனக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. வெட்டிவேரும் கரிசலாங்கண்ணியும் போதும், ஆச்சியின் பின்னல் அதில்தான் முழங்கால் வரை தொங்கியது.

இனி மாத்திரை. அதுதான் நீ முக்கியமாகக் கேட்டது. நீ செல்போனில் பார்த்த படத்தில் கலர் கலரான பட்டுத்துணியில் கட்டி, நூல் சுற்றி, முத்திரை வைத்த மாத்திரை இருந்ததே, அதற்கு ரின்சென் என்று பெயர், ரத்தின மாத்திரை. முந்தின நாள் இரவு பொடித்து, வெந்நீரில் ஊறவைத்து மூடி, விடிவதற்கு முன்னால் குடிக்கச் சொல்கிறார்கள். அதில் சில வகைகளில் சுத்தி செய்த பாதரசம் சேர்கிறது. நம் சித்தர்கள் ரசம் கட்டுவது போல, நாள்கணக்கில் பலபேர் உட்கார்ந்து செய்கிற வேலை. அந்தக் கலையை நான் குறைவாகப் பேசவில்லை. வருஷக்கணக்கில் சிறையில் கிடந்து, வெளியே வந்து, அந்தச் சுத்தி முறையை இந்தியாவில் மறுபடி செய்து காட்டிய தென்சின் சோத்ராக் என்ற வைத்தியரின் கதையைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் உனக்கு ஆடி மாசம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் கூடியிருக்கிறது என்று சொன்னாய். சிறுநீரகம் இளைத்த உடம்புக்கு, ரசம் சேர்ந்த மருந்தை நான் டப்பாவில் போட்டுப் பார்சலில் அனுப்புவதா? என் கையால் அதைச் செய்ய மாட்டேன்.

அங்கே நான் பேசிய மருத்துவர் அம்மாவும் அதைத்தான் சொன்னார். நோயாளியின் இரண்டு கையிலும் மும்மூன்று விரல் வைத்து நாடி பார்க்க வேண்டும், நாக்கைப் பார்க்க வேண்டும், காலையில் முதல் சிறுநீரைக் குச்சியால் கலக்கி நுரையையும் நிறத்தையும் பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் மருந்து. சாதாரண மாத்திரைகூட காலைக்கு ஒன்று, மதியத்துக்கு வேறு, ராத்திரிக்கு வேறு. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசாக, கல் மாதிரி உருண்டை. கடித்துப் பொடித்து வெந்நீரோடு விழுங்க வேண்டும். "உங்கள் அக்கா எங்கே?" என்று கேட்டார். திருநெல்வேலிப் பக்கம் என்றேன். "அப்படியானால் அவருடைய நாடி இங்கே இல்லையே" என்று சிரித்தார். அந்தச் சொல் எனக்குப் போதுமாயிருந்தது.

ஊதுபத்தி மட்டும் மனசார வாங்கினேன். நடுவில் மூங்கில் குச்சி கிடையாது, பொடியையே கனமாகத் திரித்திருக்கிறார்கள். ஜூனிபர் மரத்தூள் வாசம் தூக்கலாக வருகிறது. வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் தேவ்நார் குப்பைமேட்டுக் காற்று வீசியது. உனக்கு ஞாபகம் இருக்குமே, 2016 ஜனவரியில் அது பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்தபோது நீதான் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பு என்று போன் பண்ணினாய். இப்போதும் சில நாள் அந்த வாடை வரும். மகள் ஒரு பத்தியைக் கொளுத்தி வைத்தாள். கொஞ்ச நேரத்துக்கு வீடு முழுக்க மலை வாசம்.

கிண்ணத்தை நான் பத்துக் கடையில் தட்டிப் பார்த்தேன். ஏழு உலோகம் என்று எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம்தான், சத்தத்திலேயே தெரிகிறது. பல கிண்ணம் நேபாளத்திலிருந்தும் மொராதாபாத்திலிருந்தும் வருகிறது. வெண்கலத்துக்கு நம்மை யாரும் பழக்க வேண்டியதில்லை. ஆச்சியின் உருளியின் விளிம்பில் ஒரு தட்டு தட்டிப் பார். எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணி எனக்கு எழுது.

கைவேலை என்றால் நார்புலிங்கா நிறுவனம்தான். ஊருக்குக் கீழே சித்பூரில் 1988இலிருந்து நடக்கிறது. லாசாவில் தலாய் லாமாவின் கோடை அரண்மனையின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். தங்கா ஓவியம் வரைகிற பிள்ளைகளைப் பக்கத்தில் நின்று பார்க்க விடுகிறார்கள். பருத்தித் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுண்ணமும் பசையும் பூசி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, கோடு கிழித்துக் கட்டம் போட்டு, ஒவ்வொரு தெய்வத்துக்கும் இத்தனை விரற்கடை என்று அளவு. நம் ஸ்தபதிகளின் தாலமானம் மாதிரியே. பச்சைக்கும் நீலத்துக்கும் கல்லை அரைக்கிறார்கள், சிவப்புக்கு ஜாதிலிங்கம். கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பஜாருக்கு வந்தால், அச்சடித்த தங்காவைக் கையால் வரைந்தது என்று விற்பதைச் சகிக்க முடியவில்லை. அசலை வாங்க என் சம்பளம் போதாது, அச்சை வாங்க மனசு வரவில்லை. சம்பா ஊர்ப் பெண்கள் தைக்கிற சம்பா ருமால் ஒன்றும் பார்த்தேன். முறுக்காத பட்டு நூலில், முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோல இருக்கிற தையல். திருப்பித் திருப்பிப் பார்த்தும் முடிச்சு எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

உனக்கென்று வாங்கியது ஒரு கம்பளி ஆசனம், இரண்டடிச் சதுரம். நெய்தவரிடமே வாங்கினேன். நம் வயசிருக்கும் அந்த அம்மாவுக்கு. தறியில் ஓர் இரும்புக் கம்பியைக் குறுக்கே வைத்து, கம்பியைச் சுற்றிச் சுற்றி நூலை முடிந்துகொண்டே போய், வரிசை முடிந்ததும் கத்தியால் கம்பியின் நெடுக நூலை நறுக்குகிறார். மெத்தென்று ரோமம் எழுந்து நிற்கிறது. எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். அவருடைய அம்மா அகதியாக வந்த புதிதில் கைத்தொழில் கூடத்தில் கற்றாராம், அம்மாவிடமிருந்து இவர். நான் செல்போனில் நம் பத்தமடைப் பாயின் படத்தைக் காட்டினேன். பட்டு மாதிரி மடிகிற கோரைப்பாய் என்று சொன்னால் நம்பவில்லை. புல்லா, புல்லா என்று இரண்டு தடவை கேட்டார். ஒன்று அனுப்பி வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அதனால் உன்னிடம் ஒரு வேலை. பத்தமடைக்கு ஒருநாள் போய், நைஸ் ரகத்தில் சின்னப் பாய் ஒன்று வாங்கு. மெஷினில் நெய்தது வேண்டாம், கைத்தறியில் நெய்ததாகப் பார்த்து வாங்கு. நீ கொடுத்த பணம் அந்தக் கவரில் இருக்கிறது என்றேனே, அதில்தான் இந்தப் பாய். ஆசனத்துக்கு என்னிடம் கணக்குக் கேட்காதே, அது நான் உனக்குக் கொடுக்கிறது. முழங்காலை மடக்காமல், நாற்காலியில் போட்டு உட்கார்.

அப்படியே பாபநாசம் போகிறவர்களிடம் சொல்லி அரைக் கிலோ கடுக்காய் வாங்கி அனுப்பு. மாதுங்காவில் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது, நேற்றுகூடக் குர்லாவில் ரயில் மாறிப் போய் வாங்கி வந்தேன், ஆனால் பழைய சரக்கு, உடைத்தால் உள்ளே தூள். இங்கே கொட்டையை எடுத்து இடித்துக்கொள்கிறேன். ஒரு காயை மட்டும் இடிக்காமல் தாத்தாவின் போட்டோவுக்குக் கீழே வைக்கப் போகிறேன்.

பார்சல் நாளைக்குக் கோவண்டி தபாலாபீசில் போடுகிறேன். ஆசனம், ஊதுபத்தி நாலு கட்டு, அத்தானுக்குக் காங்ரா டீத்தூள். பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே டாக்டரிடம் போ. என்ன சொன்னார் என்று வரிவிடாமல் எனக்கு எழுது.

உன் அன்புத் தங்கை